காட்டோரம் கிடக்கும் ஜெட்டுகள்: சுட்டு விழுந்தவையா, விட்டுப் போனவையா?

வாசகர் ஒருவர் கேட்டது, ஜனவரி 11

1945 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுகள் சாலையோரம், காட்டுக்குள், விமானதளங்களில் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. இத்தனையும் அமெரிக்க முஸ்டாங் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தியவையா? இல்லையென்றால், இவ்வளவு ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனி எப்படித் தோற்றது? இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

ஜனவரி 11, இரவு

இரண்டுமே இல்லை.

சுட்டு வீழ்த்திய 262-ஐப் பார்த்தால் அது விமானம் என்றே தெரியாது. அந்த வேகத்தில் தரையில் மோதினால் மிஞ்சுவது ஒரு பள்ளமும் சுற்றிச் சிதறிய தகரமும்தான். அதை யாரும் பக்கத்தில் நின்று தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இறக்கை இருக்கிறது, வால் இருக்கிறது, மூக்கு மட்டும் நசுங்கியிருக்கிறது என்றால் அது வானத்திலிருந்து விழுந்தது இல்லை.

தரையில் கிடப்பவற்றுக்கு நாலு கதை உண்டு. இறங்கும்போது சறுக்கி உடைந்தது ஒன்று. நின்ற இடத்திலேயே குண்டு வாங்கியது இன்னொன்று. வைத்திருந்தவர்களே வெடிவைத்தது மூன்றாவது. எரிபொருளோ எஞ்சினோ இல்லாமல் அப்படியே விட்டுப் போனது நாலாவது. நான் பார்த்த படங்களில் கடைசி இரண்டும்தான் அதிகம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 12

நீங்கள் போட்ட முதல் படத்திலிருந்து தொடங்கலாம். அகலமான கான்கிரீட் சாலை, ஓரத்தில் ஊசியிலை மரங்கள், மரத்தடியில் 262-கள். "சுட்டு வீழ்த்தப்பட்டவை" என்று யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள். சாலையோரத்தில் ஒரே வரிசையில், மூக்கெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, சமமான இடைவெளி விட்டு எந்த விமானமாவது விழுமா?

அந்தச் சாலை, மியூனிக்கிலிருந்து அவுக்ஸ்புர்க், உல்ம் வழியாக ஸ்டுட்கார்ட் போகும் ஆட்டோபான். 1944-இல் அமெரிக்கர்கள் பிப்ரவரியில் அவுக்ஸ்புர்க் ஆலையையும் ஏப்ரல் 24-இல் லைப்ஹைம் ஆலையையும் குண்டு போட்டுக் கலைத்தார்கள். அதற்கப்புறம் பெரிய கூரைக்குக் கீழே விமானம் கட்டுவது தற்கொலைக்குச் சமம் என்று ஆகிவிட்டது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். லைப்ஹைம் பக்கத்துக் காட்டில் ஒன்று, புர்காவ் அருகே ஷெப்பாக் காட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் மறைபெயர் "கூனோ". மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி கொட்டகைக் கூரைக்குப் பச்சைச் சாயம். புர்காவில் கட்டி முடித்த விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஆட்டோபானில் நிறுத்தி, அதையே ஓடுபாதையாக்கிப் பறக்கவிட்டார்கள்.

ஆக, அந்தப் படத்தில் இருப்பவை போரிலிருந்து திரும்பியவை இல்லை, போருக்கே போகாதவை. உற்றுப் பாருங்கள், இரண்டாவது விமானத்தில் இறக்கைக்குக் கீழே இருக்க வேண்டிய எஞ்சின் கூடு இல்லை. பிய்ந்து போன அடையாளமும் இல்லை. எஞ்சின் வரவே இல்லை, அவ்வளவுதான்.

வேலை நிமித்தம் அவுக்ஸ்புர்க்கில் சில வருடம் இருந்தேன். அந்த ஏ8 சாலையில் உல்ம் பக்கம் போகும்போதெல்லாம் புர்காவ் பலகையைத் தாண்டும் இடத்தில் இடமும் வலமும் தேடுவேன். மரம், லாரி, மறுபடி மரம். சாலையை எத்தனையோ தடவை அகலப்படுத்திவிட்டார்கள். அங்கே ஒரு ஜெட் ஆலை இருந்தது என்று சொன்னால் கூட வரும் நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

"இவ்வளவு இருந்தும் ஏன் தோற்றார்கள்" என்ற பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கட்டியது சுமார் 1,400. சண்டைக்குப் போனது அதில் ஒரு சிறு பங்கு. இடையில் எங்கே காணாமல் போயின என்பதைத்தான் இந்தப் படங்கள் காட்டுகின்றன.

முதலில் எஞ்சின். யுங்கர்ஸ் யூமோ 004. சூடு தாங்கும் உலோகத்துக்கு வேண்டிய நிக்கலும் கோபால்ட்டும் கிடைக்காத நாட்டில் செய்த எஞ்சின் அது. எரிப்பறைகளைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினார்கள். கணக்குப்படி 25 மணி நேரம் உழைக்க வேண்டும். பல எஞ்சின்கள் 10 மணி நேரத்திலேயே படுத்துவிட்டன. ஒரு விமானத்துக்கு இரண்டு எஞ்சின். ரயில் பாதைகளை நாள்தோறும் குண்டு போட்டு உடைத்துக்கொண்டிருக்கையில் மாற்று எஞ்சின் எப்படி வந்து சேரும்?

அடுத்தது எரிபொருள். ஜெட்டுக்குப் பெட்ரோல் வேண்டாம், டீசல் போன்ற மட்ட எண்ணெய் போதும் என்பது அவர்களுக்கு வசதி. ஆனால் அதை ஆலையிலிருந்து தளத்துக்குக் கொண்டுவரவும் லாரியும் ரயிலும் வேண்டுமே. ஓடுபாதையின் முனைவரை எஞ்சினை ஓட்டிக்கொண்டு போனால் எண்ணெய் வீண் என்று கெட்டன்கிராட் வைத்து இழுத்தார்கள். முன்னால் மோட்டார் சைக்கிள் சக்கரம், பின்னால் டாங்கிச் சங்கிலி உள்ள வண்டி அது. 262-ஐ அது இழுத்துப் போகும் படங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு உலகின் வேகமான ஜெட் போர்விமானம், மணிக்கு 870 கிலோமீட்டர் போகக்கூடியது, நடை வேகத்தில் ஊர்ந்து போகிறது.

மூன்றாவது விமானிகள். அதைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும்.

ஜனவரி 14

"அப்படியானால் முஸ்டாங் எதையுமே சுடவில்லையா" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். சுட்டது ஐயா, நன்றாகவே சுட்டது. ஆனால் அந்தப் படங்கள் வேறு வகை. துப்பாக்கியோடு சேர்ந்து ஓடும் 16 மில்லிமீட்டர் கேமராவில் பதிந்தவை. மங்கலாக, ஆடி ஆடி, நடுவில் 262-இன் நிழல் போல ஒன்று.

பெரும்பாலும் இறங்கும்போதுதான் பிடித்தார்கள். யூமோ எஞ்சினை மெதுவாகத்தான் முடுக்க வேண்டும். திடீரென்று எண்ணெயைத் திறந்துவிட்டால் தீப்பிடிக்கும், இல்லை அணைந்து போகும். ஓடுபாதையை நோக்கி வேகம் குறைத்து இறங்கிவிட்டால் தப்பிப்பதற்கு வழியில்லை. 1944 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்க முஸ்டாங் விமானி சக் யேகர் சுட்டது அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஒன்றைத்தான். இரண்டு நாள் கழித்து 262 ஓட்டிய ஜெர்மன் விமானி வால்டர் நோவோட்னி செத்தார். முதல் ஜெட் போர்விமானப் பிரிவுக்கே அவர் பெயர்தான் வைத்திருந்தார்கள்.

ஜனவரி 15

இன்று சேதத்தைப் படிப்பது பற்றி. இழையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

சுழலி (புரொப்பெல்லர்) வைத்த விமானம் விழுந்து கிடந்தால் சுழலியைப் பார்த்தால் போதும். இலைகள் எல்லாம் ஒரே மாதிரி வளைந்திருந்தால் தரையைத் தொடும்போது சுழலி சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் மடங்கி மற்றவை நேராக இருந்தால் சுழலி முன்பே நின்றுவிட்டது. ஜெட்டில் அந்தச் சாட்சி கிடையாது. வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

வயிற்றால் சறுக்கி இறங்கிய 262-இல் முதலில் தேய்வது எஞ்சின் கூடுகளின் அடிப்பகுதி. இறக்கைக்குக் கீழே தொங்குவதால் மொத்த எடையும் அவற்றின் மேல்தான் விழும். பின்னால் புல்தரையில் இரண்டு நீளக் கோடு உழுதிருக்கும். கோடு இல்லாமல், விமானம் வயிற்றில் படுத்திருந்தால் யாரோ சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நல்ல டயருக்கு என்ன மதிப்பு என்று கிராமத்து விவசாயிக்குத் தெரியும்.

பின் சக்கரங்கள் இரண்டும் ஊன்றி நிற்க, மூக்கு மட்டும் தரையில் குத்தியிருக்கும் படங்கள் ஏராளம். குறிப்பில் "விபத்து" என்று இருக்கும். மூக்குச் சக்கரத்தின் கால் 262-இன் பலவீனமான இடம். மோசமாக இறங்கினாலும் முறியும், குழியில் இழுத்தாலும் முறியும். மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கி உட்கார்ந்திருக்கிறது, பாரம் கொஞ்சநஞ்சமா?

தரையில் நிற்கையில் மேலிருந்து சுடப்பட்டதென்றால் ஓட்டைகள் இறக்கையின் மேற்பரப்பில் உள்நோக்கி மடிந்திருக்கும். பக்கத்துக் கொட்டகைச் சுவரிலும் அதே வரிசை தொடரும். தீப்பிடித்திருந்தால் நடு உடம்பு உருகித் தரையில் வழிந்து, வால் மட்டும் முழுசாக நிற்கும். ரேகன்ஸ்புர்க் பக்கம் ஒபர்ட்ராப்லிங் ஆலைத் தளத்துப் படங்களில் இந்த இரண்டையும் பார்க்கலாம், குண்டுப் பள்ளங்களோடு.

சொந்தக்காரர்களே வெடிவைத்ததைக் கண்டுபிடிப்பது எளிது. சேதம் ஒழுங்காக இருக்கும்! ஒவ்வொரு விமானத்திலும் அதே இடம். 1945 மே தொடக்கத்தில் சால்ஸ்புர்க் மாக்ஸ்கிளான் தளத்தில் ஜேவி 44 என்ற ஜெட் போர்விமானப் பிரிவு நின்றிருந்தது. பேர்பெற்ற ஜெர்மன் போர்விமானி அடோல்ஃப் காலாண்ட் தொடங்கிய பிரிவு. அமெரிக்க டாங்கிகள் நெருங்கியதும் ஜெட்டுகளின் எஞ்சினுக்குள் கையெறி குண்டு வைத்துத் தாங்களே உடைத்தார்கள். எஞ்சின் போனால் அந்த விமானத்தை யாரும் பறக்கவிட முடியாது. ஆனால் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் நல்ல விமானம் போலவே தெரியும்.

எஞ்சின் வாயை எப்போதும் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கூம்பு, அதன் முனையில் சின்ன வளையம். அதற்குள்ளே ரீடல் என்ற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் இருக்கிறது. ஜெட் எஞ்சினைச் சுற்றித் தொடங்கிவைப்பது அதுதான். வழக்கமாக மின்சாரத்தால் கிளப்புவார்கள். மின்சாரம் இல்லையென்றால் அந்த வளையத்தைப் பிடித்துக் கயிறு இழுப்பதுதான் வழி, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கிளப்புவது மாதிரியே. கூம்பு இருந்தால் எஞ்சின் தப்பித்தது. கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த தகரம் தெரிந்தால் குண்டு உள்ளே வெடித்திருக்கிறது.

ஜனவரி 15, இரவு

கயிறு இழுத்து ஜெட் கிளப்புவதா, கதை விடாதே என்று தனிச்செய்தி வந்திருக்கிறது. போய் எந்த அருங்காட்சியகத்திலும் யூமோ 004-இன் முகத்தைப் பாருங்கள். வளையம் அங்கேயே இருக்கும்.

ஜனவரி 18

நிறத்துக்கு வருவோம். மாடல் செய்கிறவர்கள் இரண்டு பேர் இங்கே அடித்துக்கொள்கிறார்கள், உடம்பைச் சுற்றிய பட்டை மஞ்சளா சிவப்பா என்று. கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, முதலில் எந்தப் பிலிம் என்று தெரிய வேண்டும். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுதான் தெரியும். பான்குரோமாட்டிக் பிலிமில் மஞ்சள் வெளுத்துத் தெரியும். ஒரே விமானத்தை இரண்டு சிப்பாய் இரண்டு பிலிமில் எடுத்திருந்தால் இரண்டு விமானமாகத் தெரியும். வானம் எப்படி விழுந்திருக்கிறது, பக்கத்தில் செம்பு நிறச் செங்கல் கட்டடம் இருந்தால் அது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

இன்னொன்று. வரி வரியாக வெள்ளைக் கோடு போட்ட 262 படம் ஒன்றை வைத்து "சோதனைச் சாயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சாயமே இல்லை, பட்டி. தகடுகள் சேரும் இடத்திலெல்லாம் பட்டி பார்த்து மட்டம் அடித்திருக்கிறார்கள். அதன்மேல் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே விமானம் கைவிட்டுப் போய்விட்டது. 1945 மார்ச் இறுதியில் ஹான்ஸ் ஃபை என்ற சோதனை விமானி, ஆலையிலிருந்து புத்தம்புதிதாக வந்த 262-ஐ பிராங்பர்ட் ரைன்-மைன் தளத்தில் கொண்டுபோய் இறக்கி அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் கைக்கு முழுசாகக் கிடைத்த முதல் 262 அது. அந்தப் படங்களில் வெற்று உலோகமும் பட்டிக் கோடுகளும் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் அமெரிக்கர்கள் தடவிப் பார்க்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஜனவரி 19

மூக்கில் நீளக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் 262 படம் "கணினியில் ஒட்டுப்போட்டது" என்கிறார் ஒருவர். அசல்தான். கனரகக் குண்டுவீச்சு விமானங்களைத் தூரத்திலிருந்தே அடிக்க 50 மில்லிமீட்டர் மவுசர் பீரங்கி வைத்துச் சோதனைக்கு இரண்டு விமானம் செய்தார்கள். அதில் ஒன்று லெக்ஃபெல்ட் விமானதளத்தில் அமெரிக்கர் கையில் சிக்கியது. 54-ஆம் விமான ஆயுதக் களைவுப் பிரிவின் ஆட்கள் பழுது பார்த்து மூக்கில் "வில்மா ஜீன்" என்று பெண் பெயர் எழுதினார்கள். பிறகு, ஜெர்மன் விமானங்களைச் சேகரித்து அமெரிக்காவுக்கு அனுப்ப வந்த கர்னல் ஹெரால்டு வாட்சனின் விமானிகள் வந்து விமானங்களை எடுத்துக்கொண்டார்கள். "ஹேப்பி ஹண்டர் இரண்டு" என்று பெயர் மாறியது. படங்கள் பெயருக்கு ஒன்றாகப் பிரிந்து ஊர் சுற்றுவதால் இரண்டு வேறு விமானம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஷெர்புர்க் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் அதன் எஞ்சின் கெட்டது. ஓட்டியவர் லுட்விக் ஹாஃப்மன், மெஸ்ஸர்ஷ்மிட்டின் பழைய சோதனை விமானி. பாராசூட்டில் குதித்துத் தப்பினார். விமானம் போயிற்று. மற்றவை 1945 ஜூலையில் ரீப்பர் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன.

ஜனவரி 19, சேர்க்கை

எந்தப் படத்தையும் நம்புவதற்கு முன் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் கொள்ளை கொள்ளையாக உண்டு. 262-இன் கண்ணாடி மூடி விமானிக்கு வலப்பக்கம்தான் சாய்ந்து திறக்கும். இடப்பக்கம் திறந்திருந்தால் படம் இடவலம் மாறியது, அதை வைத்து எண்ணை வாசித்து ஆராய்ச்சி செய்யாதீர்கள்.

ஜனவரி 23

ஹைன்கெல் 162 பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், முதுகில் ஒற்றை எஞ்சின் சுமக்கும் குட்டி ஜெர்மன் ஜெட் அதுதான். மர இறக்கை. வடிவமைப்பு தொடங்கி மூன்று மாதத்துக்குள், 1944 டிசம்பர் 6-இல் பறந்தது. நாலே நாள் கழித்து அதிகாரிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, வியன்னா ஷ்வெகாட்டில் இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்து விமானி பீட்டர் செத்தார். நல்ல பசை செய்த வுப்பர்டால் ஆலை குண்டுக்கு இரையாகிவிட்டது. மாற்றாகக் கொடுத்த பசையில் இருந்த அமிலம் மரத்தையே அரித்தது.

அந்த வகையின் புகழ்பெற்ற படங்கள் இரண்டு வகை. டென்மார்க் எல்லைப் பக்கம் லெக் தளத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி பிரிட்டிஷாருக்காகக் காத்திருந்தவை ஒன்று. அங்கே உடைசலே கிடையாது, அணிவகுப்பு மாதிரி துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். மற்றது மாக்டபுர்க்குக்குத் தெற்கே டார்ட்டுன் உப்புச் சுரங்கத்தில் எடுத்தது. தரைக்கு அடியில் ஆழத்தில், உப்புச் சுவருக்கு நடுவே, இறக்கை பூட்டாத உடம்புகள் தள்ளுவண்டிகளில் வரிசையாக நிற்கின்றன. விளக்கு எரிகிறது. ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஒன்றுக்குள் எட்டிப் பார்க்கிறார்.

ஜனவரி 24

நேற்று எழுதியதற்கப்புறம் அந்தச் சுரங்கப் படத்தை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்க்கும் சிப்பாயைத் தவிர ஆள் யாருமே இல்லை. செய்தவர்கள் எங்கே?

இந்த மாதிரி இழைகளில் நாம் திருகு, பட்டி, பிலிம் என்று பேசிக்கொண்டே போகிறோம். "அழகான விமானம், வீணாகக் கிடக்கிறதே" என்று இங்கே ஒருவர் உச்சுக்கொட்டியிருக்கிறார். ஆஸ்திரியாவில் சாங்க்ட் கேயோர்கன் ஊருக்குக் கீழே "பெர்க்கிரிஸ்டால்" என்ற சுரங்க ஆலையைத் தோண்டியவர்களும் அதில் 262-இன் உடம்புகளைக் கட்டியவர்களும் குசன் வதைமுகாம் கைதிகள். தோண்டும்போதே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். துரிங்கியாவில் காலா அருகே வால்பெர்ஸ்பெர்க் மலையைக் குடைந்து இன்னொரு ஆலை. மலை உச்சியைச் சமப்படுத்தி ஓடுபாதை, கீழிருந்து விமானத்தை மேலே இழுத்துப் போகச் சரிவுப் பாதை. இத்தாலி, போலந்து, சோவியத் நாடு என்று பல இடங்களிலிருந்தும் பிடித்துவந்த ஆட்கள். அந்த மலையிலிருந்து பறந்த ஜெட்டுகள் வெகு சில. சாவு அதைவிடப் பல மடங்கு. ஹைன்கெல் 162 கட்டிய ஹிண்டர்பிரூல், மவுட்ஹவுசன் வதைமுகாமின் கிளை. நான் மரம் தேடிக்கொண்டு போன புர்காவிலும் டாஹாவ் வதைமுகாமின் கிளை இருந்தது. பசியும் டைபஸ் காய்ச்சலும் அங்கேயும்.

நேச நாட்டுப் படைகள் வந்து சேர்வதற்கு முன்பே கைதிகளில் பலரை நடத்தியே வேறு இடத்துக்கு விரட்டிவிட்டார்கள். படம் எடுத்தவர்கள் உள்ளே போனபோது விமானங்கள்தான் மிஞ்சியிருந்தன. ஆலைப் படங்களில் ஆள் இல்லாதது தற்செயல் இல்லை என்பதைச் சொல்லாமல் தகட்டைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "எவ்வளவு கட்டினார்கள்" என்ற கணக்கு வரும் இடத்திலெல்லாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜனவரி 26

"அரசியல் வேண்டாம், விமானம் பேசுவோம்" என்று ஒருவர். கட்டியது யார் என்பது விமானச் சமாச்சாரம்தான் ஐயா. ஆணியைப் பற்றிப் பேசலாம், அடித்த கையைப் பற்றிப் பேசக்கூடாதா?

ஜனவரி 29

கொஞ்சம் தடம் மாறுகிறேன். 262 இறங்கும்போது மாட்டிக்கொள்கிறது என்று 14-ஆம் தேதி எழுதினேன் அல்லவா? அதைக் காவல் காக்க ஜேவி 44 பிரிவு ஃபோக்கே-வுல்ஃப் 190 டி வகை விமானங்கள் சிலவற்றை வைத்திருந்தது. தன் நாட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களே சுட்டுவிடக்கூடாது என்று வயிறு முழுக்கச் சிவப்பு அடித்து அதில் வெள்ளைப் பட்டை இழுத்திருந்தார்கள். போர் முடிந்தபோது அவை ஐன்ரிங் தளத்தில் கிடந்தன, படங்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் வயிறு கறுப்பாகத் தெரியும். பிலிம் பற்றிச் சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

அந்த ஃபோக்கே-வுல்ஃபை வடிவமைத்த குர்ட் டாங்க், போருக்கப்புறம் அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டுக்கு வந்தார். அவர் குழு வரைந்த மாருத் என்ற இந்திய ஜெட் போர்விமானம் 1961 ஜூன் 17-இல் பறந்தது. பெங்களூரு அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அதற்கும் நல்ல எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. டாங்க் ஐயாவின் ஜாதகம் அப்படி.

பிப்ரவரி 3

ஏலத் தளங்களில் "அசல் போர்க்காலப் படம்" என்று விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேள்வி.

அவுக்ஸ்புர்க்கில் ஒரு ஞாயிறு பழஞ்சாமான் சந்தையில் நானும் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் அலை அலையாக வெட்டியது. பின்னால் பென்சிலில் ஆங்கிலத்தில் "ஜெட், ஜெர்மனி, மே 45". விற்றவர் மே மாதம் என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் 262-இன் சக்கரத்தை மறைக்கும் அளவுக்குப் புல் வளர்ந்திருக்கிறது. வாலில் சுவஸ்திகா இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை, கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணாடி மூடி இல்லை, விமானி அறையில் மீட்டர்கள் இருந்த பலகையில் வெறும் வட்ட ஓட்டைகள். இத்தனை பேர் கைவைக்கவும் புல் இவ்வளவு வளரவும் சில வாரமாவது வேண்டாமா? மே என்பது அந்தச் சிப்பாய் ஊர் திரும்பி ஆல்பத்தில் ஒட்டும்போது குத்துமதிப்பாக எழுதியதாக இருக்கும்.

ஆக, பின்னால் எழுதியதை நம்பி விலை கொடுக்காதீர்கள். பென்சில் யார் கையிலும் கிடைக்கும்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம் விமானம் இல்லை. இறக்கையின் மேல் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5

உடையாத 262 எங்கே பார்க்கலாம்? மியூனிக் டாய்ச்சஸ் மியூசியத்தைச் சேர்ந்த "வெள்ளை 3" இருக்கிறது. 1945 ஏப்ரல் 25-இல் ஹான்ஸ் கிடோ முட்கே அதை ஓட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் டியூபன்டார்ஃபில் இறங்கினார். சுவிஸ்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து 1957-இல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுநிலை நாட்டில் போய் நின்றதால் தப்பிய விமானம். அதே மாதத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டினேன் என்றும் முட்கே பிற்காலத்தில் சொன்னார், நிபுணர்கள் ஒப்பவில்லை. நேரில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அதன் உயரம். மூக்கு என் தலைக்கு மேலே இல்லை, கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே. படங்களில் பெரிதாகத் தெரிவது பக்கத்தில் குனிந்து நிற்கும் ஆட்களால்தான் போல.

பிப்ரவரி 9

முதலில் கேள்வி கேட்டவர் இன்னொரு படம் போட்டிருக்கிறார். இதற்காகவே இவ்வளவு எழுதினேன், நீங்களே பார்த்திருக்கலாம்! சரி, என் பங்குக்கு:

பின் சக்கரங்கள் ஊன்றியிருக்கின்றன, காற்றுகூட இறங்கவில்லை. மூக்குச் சக்கரத்தின் கால் பின்னோக்கி மடங்கியிருக்கிறது, சறுக்கிய கோடு தரையில் இல்லை. ஆக, நின்ற இடத்தில் அல்லது இழுக்கும்போது முறிந்தது. இடது எஞ்சினில் கூம்பு இருக்கிறது. வலது எஞ்சினின் வாய் வெளிப்பக்கமாக விரிந்து கிழிந்திருக்கிறது, உள்ளே வெடித்ததுதான். ஒன்றுக்கு மட்டும் குண்டு வைத்திருக்கிறார்கள், அவசரம். பீரங்கி மூடிகள் திறந்திருப்பது பின்னால் வந்தவர்கள் வேலையாக இருக்கலாம். கண்ணாடி மூடி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆக இடவலம் சரி.

குறிப்பில் "முஸ்டாங் சுட்டது" என்று இருக்கிறது. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

வால் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அசலில் முழுசாக இருந்தால் ஆறு இலக்க எண் அங்கேதான் இருக்கும். 500 என்று தொடங்கினால் ரேகன்ஸ்புர்க் ஆலைக் குழுமத்தில் கட்டியது. பெரிய ஸ்கேன் இருந்தால் போடுங்கள்.